செல்வராஜும் என் பெதஸ்தா நோட்டும்

செல்வராஜ் போய்விட்டார். குற்றாலத்தில் பழக்கடை வைத்திருந்தாரே, அவரேதான். காலையில் ஷட்டரைத் தூக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை.

என் வீட்டில் இன்னும் காபி போடவில்லை. மனைவி அடுப்படியில் உட்கார்ந்து அழுகிறாள். எனக்கு இப்படி அழுவாளா... கேட்கவும் முடியாது.

நான் வேதாகமத்தை யாரிடமும் போய்ப் படித்தவன் இல்லை. வயரிங் வேலை முடிந்து வந்து, நாற்பது வருஷம் நானே படித்தேன். யோவான் ஐந்தாம் அதிகாரத்துக்கு மட்டும் தனி நோட்டு. தண்ணீர் கலங்கியதும் முதலில் இறங்குகிறவனுக்கு மட்டும் சுகம் தரும் பெதஸ்தா குளம், முந்த முடியாமல் கிடந்து கடைசியில் இயேசு எழுப்பிவிட்ட முப்பத்தெட்டு வருஷ வியாதிக்காரன், எல்லாம் அதில் உண்டு.

ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் அந்தப் பகுதியைப் பேச செல்வராஜைக் கூப்பிட்டார்கள். என்னை இல்லை.

"நம்ம மெயின் அருவி சீசன் கூட்டம் மாதிரிதான். நாம கால வைக்கப் போகையில எவனாவது முந்திருதான்" என்றார். பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

நான் எழுந்தேன். "ஓய், அது அருவி இல்ல, குளம். அஞ்சு மண்டபம் உண்டு."

"அண்ணாச்சி, அஞ்சையும் நீங்களே வச்சுக்கோங்க. அந்த ஆள எந்திரிக்க விடுங்க."

ஒரே சிரிப்பு.

போன வருஷம் தென்காசியில் என் மனைவிக்கு மூட்டு ஆபரேஷன். முடிந்தும் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்று ஒரே பயம். தைரியம் சொல்ல நோட்டோடு போனேன். இரண்டாம் பக்கத்திலேயே, "போதும். செல்வராஜ் அண்ணனுக்கு ஒரு போன் போடுங்க" என்றாள்.

நானே போட்டேன்...

ரம்புட்டான் பையோடு வந்தார். அதே அதிகாரம். குணமாக விருப்பமா என்று இயேசு அவனைக் கேட்கிற இடத்தில் நிறுத்திவிட்டார்.

"இத்தன வருஷமா கெடக்கவன்ட்ட எதுக்கு இப்படிக் கேட்டாருன்னு எனக்குத் தெரியல மதினி. தெனமும் யோசிக்கேன்."

அவ்வளவுதான். பழம் உரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் அவள் வாக்கரைப் பிடித்து ஏழெட்டு அடி நடந்தாள்.

அந்தக் கேள்விக்கு என் நோட்டில் நான்கு பக்கம் பதில் இருக்கிறது.

சற்றுமுன் அவர் மகள் போன் செய்தாள். அடக்க ஆராதனையில் அந்தப் பகுதியை நான் வாசிக்க வேண்டுமாம். "வாசிச்சா மட்டும் போதும் பெரியப்பா."

மூன்று மணிக்கு. வாசிப்பேன். நோட்டும் கையில் இருக்கும்.

செல்வராஜ், அது குளம்தான். இன்னைக்கும் சொல்லுதேன்.

இதுலயும் எனக்கு முன்னால எறங்கிட்டீரே வே...

போயிட்டு வாரும்.