மாமாவின் உர்

நேற்று அஸர் தொழுதுவிட்டு, பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கப் பாத்திரம் எடுக்க அடுப்படிக்குள் போனேன். மனைவி ஏறிட்டுப் பார்த்தாள். "ஏன் மூஞ்சிய உர்ரெண்டு வெச்சிரிக்கீங்க?"

சத்தியமாக எனக்கு யார்மீதும் கோபமில்லை. போகும் வழியெல்லாம் அந்த உர்தான் மனதில். சத்தமே போடாத கோபத்துக்கு ஒரு சத்தத்தைப் பெயராக வைத்தது யாரோ! நாய் உர் என்றால் காதில் விழும். மனிதனுக்கு அது புருவத்தில் அல்லவா இருக்கிறது? எங்கள் வீட்டில் நாய் வளர்த்ததில்லை. உர்ருக்கு மட்டும் குறைவிருந்ததில்லை.

அதில் முதலிடம் உம்மாவின் காக்காவுக்கு, அவருடைய அண்ணனுக்கு. நிந்தவூரில் வயல் செய்தவர். அந்த மாமாவின் மகனை என் மூத்த சகோதரி ராத்தாவுக்குக் கேட்டு உம்மா ஆளனுப்பியிருந்தார். பதில் சொல்ல மாமா வந்தது ஒரு நோன்பு நாளில். முகம் உர்.

உம்மா வாப்பாவை அடுப்படிக்குள் இழுத்தார். "காக்காட மூஞ்சப் பாத்தீங்களா? விருப்பமில்ல போல."

"அது நோன்பு மூஞ்சி புள்ள. துறக்கட்டும், பாப்பம்."

எங்கள் பக்கம் அப்படி ஒரு சலுகை உண்டு. வெறும் வயிற்றின் உர்ரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அல்லாஹ்வும் மன்னிப்பான் என்றே நம்புகிறேன்.

பாங்கு சொன்னது. பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி. உர் அசையவில்லை. மஃரிப் தொழுது ஸலாம் கொடுத்துத் திரும்பிய முகத்திலும் அதே உர். கதவுக்குப் பின்னால் ராத்தா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். மாமாவின் மகன்மேல் அவருக்கு இருந்த விருப்பம் எனக்கு மட்டும் தெரியும்.

மாமா எழும்பி வெளியே போனார். உம்மாவின் கண் கலங்கிவிட்டது. அப்போது வேலியோரம் ஒரு பீடி மினுங்கியது. இரண்டு இருமல். திரும்பி வந்தவரின் முகத்தில் பெருநாள் பிறை கண்ட வெளிச்சம்.

"பொடியனுக்கும் விருப்பம், எனக்கும் விருப்பம். எங்க என்ட மருமகள்? இன்னொரு கோப்ப கஞ்சி ஊத்தச் சொல்லுங்க!"

"ஒரு பீடிக்காக எங்க எல்லாரையும் மவுத்தாக்கப் பாத்தீங்களே மச்சான்!" என்றார் வாப்பா.

பல வருடம் கழித்து மாமா மவுத்தான அன்று, முகத்துணியை விலக்கிக் காட்டினார்கள். நெற்றியில் ஒரு சுருக்கமில்லை. ராத்தா குனிந்து பார்த்து, "மாமாட உர்ரக் காணல்லியே" என்று தேம்பினார்.

நேற்று வாங்கிய கஞ்சியில் கொஞ்சம் ராத்தா வீட்டுக்குக் கொண்டுபோனேன். கதவைத் திறந்தவர் கஞ்சியைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார். நான் அவசரமாகச் சிரிக்கப் போனேன்.

"மாத்தாத தம்பி," என்றார். "கொஞ்ச நேரம் அப்படியே இரி."