கரிமணல் மேட்டில் ஒரு தீபம்

கார்த்திகை தீப நேரத்தில் திருவண்ணாமலையை விட்டு யாராவது வெளியூர் போவார்களா? நாங்கள் போனோம். எண்பதுகளின் தொடக்கம் அது. என் கணவருக்குக் கேரளத்தில் வேலை கிடைத்து, தீபத்துக்கு மறுநாளே சேரவேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. ஊர் ஊராக ஜனங்கள் தீபத்துக்கு வந்து இறங்கிக்கொண்டிருக்க, முந்தின நாளே நாங்கள் பெட்டியோடு வெளியே போகிற பஸ்ஸில் ஏறினோம்.

எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். முதல் பிள்ளை தங்கவில்லை. அது வயிற்றில் இருந்த வருஷம் காய்ச்சல் என்று தீப விரதத்தை விட்டிருந்தேன். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். என் மனசுதான் கேட்கவில்லை. மலையில் ஜோதி தெரிந்த பிறகுதான் வாயில் சோறு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். இந்தத் தடவை என்ன ஆனாலும் விடுவதில்லை என்றிருந்தேன்.

"வயித்துல புள்ளய வச்சிக்கினு இன்னா விரதம்? ரெண்டு இட்லியாவது சாப்புடு" என்று வழியெல்லாம் என் கணவர் கெஞ்சினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ் நின்ற இடத்திலெல்லாம், "டீ குடிச்சிட்டு வந்துட்றேன்" என்று இறங்கிப் போனார். போய் நன்றாகக் கொட்டிக்கொள்ளட்டும் என்று உள்ளுக்குள் திட்டினேன்.

மழையில் சாலை உடைத்துக்கொள்ள, கன்னியாகுமரிப் பக்கம் ஒரு கடலோர ஊரில் தீபத்தன்று மத்தியானம் பஸ் நின்றுவிட்டது. இனி விடிந்தால்தான் வண்டி. கடற்கரைக் கருமணலை அள்ளி, அதிலிருந்து ஏதோ தாது பிரிக்கிற ஊர் அது. தெருவிலும் டீக்கடை பெஞ்சிலும் கறுப்பு மணல். கழுத்தில் சிலுவை போட்ட டீக்கடைக்கார அம்மா, கடைக்குப் பின்னாலிருந்த அறையை எங்களுக்குத் திறந்துவிட்டார்.

பொழுது சாய்ந்தது. வெளியே வந்து மேற்கே பார்த்தேன். எங்கள் தெருவில் மேற்கே திரும்பினால் மலை நிற்கும். பிறந்ததிலிருந்து பழகின கண். இங்கே மேற்கே வெறும் கடல்தான் இருந்தது. அசடு போல நின்றேன். அழுகை வந்துவிட்டது.

விஷயத்தைக் கேட்ட கடைக்கார அம்மா, மரவள்ளிக் கிழங்கை அவித்துக் கொண்டுவந்து வைத்தார். "பிள்ளத்தாச்சி பட்டினி கெடக்கப்பிடாது மக்களே" என்றார். நான் தொடவில்லை. என் கணவர் பையிலிருந்து அகல் விளக்கையும் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு போனார்.

கடைக்கு எதிரே மணலைக் குவித்து வைத்திருந்தார்கள். பனைமர உயரத்துக்குக் கறுப்பு மேடு. கால் புதையப் புதைய அவர் அதில் ஏறுவது தெரிந்தது. உச்சியில் குந்தி விளக்கை ஏற்றினார், காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினார்; மறுபடி அணைந்தது.

"வேய், யாரு அங்க? கீழ எறங்கும்!" என்று கத்திக்கொண்டே மணலுக்குக் காவல் இருந்த ஒருவர் அரிக்கேன் விளக்கோடு மேலே ஓடினார். போச்சு, போலீஸில் பிடித்துக் கொடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். என்ன பேசிக்கொண்டார்களோ, காவல்காரர் தன் அரிக்கேன் திரியைப் பெரிதாக்கி விளக்கை இவர் கையில் கொடுத்தார். இவர் அதை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

"அண்ணாமலைக்கு அரோகரா!" என்று நான் அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். கடைக்கார அம்மா பதறிப்போய், நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

முழங்கால் வரை கறுப்பு மணலோடு அவர் இறங்கி வந்தார். "ஜோதி பாத்துட்ட இல்ல? சாப்புடு." நான் ஒரு துண்டை வாயில் போட்டேன். அதைப் பார்த்த பிறகுதான் அவர் பெஞ்சில் உட்கார்ந்து தட்டை இழுத்தார். தோலோடு விழுங்கினார்.

"மெதுவாத் தின்னும்" என்றார் கடைக்கார அம்மா.

எனக்குச் சுரீரென்றது. "ஏங்க, காலைலேர்ந்து நீங்க ஒண்ணும் சாப்பிடலியா? எறங்கி எறங்கிப் போனீங்களே?"

"சும்மா நின்னுட்டு வந்தேன்" என்றார், வாய் நிறையக் கிழங்கோடு. "எனுக்கும்தான அது புள்ள."

என் பங்குக் கிழங்கையும் அவர் பக்கம் தள்ளினேன்.