விளக்காத காசுகள்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. அன்று வந்து உடன் நின்றவர்களுக்கும், வர முடியாமல் தவித்தவர்களுக்கும் நடந்ததை நடந்தபடி சொல்லவே இதை எழுதுகிறேன்.

அண்ணன் திருநாவலூரில் பிறந்தார். அப்பா குத்தகை விவசாயி. மழை பொய்த்த ஆண்டில் அண்ணன் படிப்பை நிறுத்தி, உளுந்தூர்பேட்டையில் நகைக்கடை வேலைக்குப் போனார். உருக்க வரும் பழைய வெள்ளி ரூபாய்களைப் பார்த்துப் பழகியவர், பின்னர் அவ்வூர்ப் பேருந்து நிலையத்தருகே தனியாகப் பழங்காசுக் கடை வைத்தார். காசு வாங்கக் கல்வராயன் மலைச் சந்தைவரை போவார். பழுதான காசுக்குச் சரியான விலை சொல்வதில் அவருக்குப் பெயர் உண்டு.

ரிஷிவந்தியம் பக்கத்து விவசாயி ஒருவர், தம் தாயாரின் காசுமாலையிலிருந்து கழற்றிய வெள்ளி ரூபாயைக் கொண்டுவந்தார். பளபளப்பாக இருந்தால் விலை கூடும் என்று நன்றாகத் தேய்த்திருந்தார்.

"புளி போட்டு விளக்கிட்டீங்களே. மாலையில கோக்க வளையம் பத்த வச்ச தடமும் இருக்குது. பாதி வெலைதாங்க போவும்" என்றார் அண்ணன்.

"எங்கம்மா கழுத்துல கெடந்தது. சொத்தைன்றியா?"

"அம்மாவ சொல்லலீங்க. காச சொல்றேன்."

வந்தவர் கடை வாசலில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்தார். முதல் அடியில் கண்ணாடிப் பெட்டி சிதறியது. அடுத்தது அண்ணனின் புருவத்தைப் பிளந்தது. தடுக்கப்போன வலக்கை விரல்கள் முறிந்தன.

கொலை முயற்சி வழக்கானது. தலைக்கு வீசிய கம்பி தவறி மேசைமேல் இருந்த அந்த வெள்ளி ரூபாயில் விழுந்தது, அதன் விளிம்பில் உள்ள பள்ளமே சாட்சி என்றது காவல்துறை. கள்ளக்குறிச்சி நீதிமன்றத்தில் காசை அண்ணனிடம் கொடுத்துக் கேட்டார்கள்.

"அடிச்சது நெசங்க ஐயா. இந்தப் பள்ளம் மட்டும் பழசு. விளக்கியும் உள்ள கறுப்பு போவல பாருங்க. புது அடின்னா வெள்ளையா இருக்கும்" என்றார்.

கொல்லும் நோக்கத்துக்குக் காட்டிய சாட்சி நிற்காமல் வழக்கு வலுவிழந்தது. வெளியே வந்ததும் அண்ணி வெடித்தார்: "காசுக்கு வக்கீலு இவரு! அவன் வெளிய வந்தா இன்னா பண்ணுவ?"

"அதுக்கு காசு மேல பொய் சொல்லணுமா?"

சில மாதங்களில் அந்த மனிதர் வெளியே வந்தார். ஒரு பகலில், பேருந்து நிலையம் நிறைய ஆள் இருக்கும்போது, கத்தியோடு கடைக்குள் புகுந்தார். "எங்கம்மா காச கோர்ட்டுல சந்தி சிரிக்க வச்சியே" என்று கத்திக்கொண்டே குத்தினார். அண்ணன் எழ முயன்றார். மறுபடி குத்தினார். கழுத்து, மார்பு, வயிறு. தட்டில் உறையோடு இருந்த காசுகள் இரத்தத்தில் கிடந்தன.

பிணவறையில் காவலர் என்னிடம் அடையாளம் கேட்டார். புருவத் தழும்பும் கோணிய விரல்களும் பழையவை, மற்றவை இன்றையவை என்று பிரித்துச் சொன்னேன்.

வெறுங்கையால் கத்தியைப் பிடித்து இழுத்த டீக்கடைக்காரருக்கும், அண்ணனை வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்கு விரைந்த லாரி ஓட்டுநருக்கும், இரத்தம் கொடுத்த இளைஞர்களுக்கும், அண்ணியைத் தனியே விடாத அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

இந்த நினைவு மலருடன் அண்ணன் கடையிலிருந்த காசு ஒன்று உங்களுக்கு வருகிறது. அதன் பழுது இன்னதென்று உறையில் அவரே எழுதியிருக்கிறார். சில உறைகளில் கறை இருக்கும். அன்புகூர்ந்து காசை விளக்க வேண்டாம்.