பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

ஆயுத பூசையன்று எங்கள் கீரனூர் வீட்டில் பொட்டு வாங்காமல் தப்பிக்கும் பொருள் எதுவும் கிடையாது. மிக்ஸி, ஸ்கூட்டர், அரிவாள்மனை, என் லேப்டாப் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. மாமியார் இதில் ஓரவஞ்சனை பார்க்க மாட்டார். அந்த வருடம் என் கணவரின் ஹார்ட் டிஸ்க்கும் அவர் கண்ணில் பட்டது. அதில் ஏதோ காப்பி ஆகிக்கொண்டிருந்தபோதே வயரை உருவி, ஈரத்துணியால் துடைத்து, பொட்டு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார்.

மறுநாள் அதைச் செருகியதும், ஃபார்மட் செய்யட்டுமா என்று திரையில் கேட்டது. கணவர் சரி என்று அழுத்தப் போனார். அழுத்தினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும் என்று அவர் கையைத் தட்டிவிட்டேன். திருச்சியில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

“நான் கேக்குற எதுக்கும் சரின்னு சொல்லாதவரு, அது கேட்டதும் சரிங்கிறீங்களே!” என்றேன்.

“எல்லாத்துக்கும் பொட்டு வச்சேன் ஆத்தா. இது மட்டும் ஏன் மூளியா கெடக்கணும்னுதான்...” என்று இழுத்தார் மாமியார். பார்க்கப் பாவமாக இருந்தது.

கணவர் பள்ளியில் விலங்கியல் ஆசிரியர். எந்தக் கண்மாயில் எந்தத் தவளை கத்துகிறது என்பதுதான் அவருடைய பிஎச்.டி. ஆய்வு. இரண்டு மழைக்காலம் கண்மாய் கண்மாயாக அலைந்து பிடித்த சத்தம் முழுக்க அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. ரெக்கார்டரில் இருந்ததை அவ்வப்போது அழித்துவிடுவார், வேறு காப்பி கிடையாது. தை மாதத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அத்தனை வருட உழைப்பும் வீண்.

எனக்கோ கவலையைவிட ஆவல்தான் அதிகம். அதை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை. முதலில் டிஸ்க்கில் இருந்ததை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுத்தேன். இந்த வேலையில் மூலத்தில் கை வைக்கக் கூடாது. பிறகு நகலில் மீட்பு மென்பொருளை ஓடவிட்டேன். சமையலறை டப்பாக்களில் ஒட்டிய சீட்டெல்லாம் கிழிந்துபோன கதைதான். உள்ளே சீரகம் சீரகமாகத்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். ஃபைல்கள் வந்தன. பெயரும் இல்லை, தேதியும் இல்லை, வெறும் எண்கள்.

“எந்தக் கண்மாய்னே தெரியாம இத வச்சு என்ன பண்றது?” என்று கணவர் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். பதிவு தொடங்கும்போது ஊர்ப் பெயரைச் சொல்லி வைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

ஒரு ஃபைலைத் திறந்தேன். தவளைகள் கத்தின. நடுவில் செல்போன் அடிக்க, தவளைகள் கப்சிப். பிறகு அவர் குரல்: “வல்லத்திராக்கோட்டையிலதான் இருக்கேன். இந்தா, கெளம்பிட்டேன்.” அதற்குப் பிறகு வெகுநேரம் தவளைகள் கத்தின. மனிதர் கிளம்பவே இல்லை.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பொழுது சாய்ந்தால் எங்கே இருக்கிறீர்கள் என்று போன் போடுவது என் வழக்கம். பதிவு கெடுகிறது என்று எரிந்து விழுவார். இப்போது ஃபைலுக்கு ஃபைல் என் நச்சரிப்புதான் ஊரைக் காட்டிக் கொடுத்தது. பேச்சில் வந்த தீபாவளி, மழை, பரீட்சை இவற்றை வைத்துத் தேதியையும் ஓரளவு பிடித்துவிட்டோம்.

ஒரு ஃபைல் மட்டும் எந்த ஊர் என்று பிடிபடாமல் நின்றது. வேறு எந்தக் கண்மாயிலும் கிடைக்காத ஒரு தவளையின் குரல் அதில்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கேட்டபோதுதான் அது அவருக்கே தெரிந்திருக்கிறது. ஃபைல் பெயரில் ஊர் இருக்கிறதே என்று மனதில் வைத்துக்கொள்ளவில்லை. கடைசி அத்தியாயமே அதை நம்பித்தான் இருந்தது.

அந்த ஃபைலை முழுக்க ஓடவிட்டேன். போன் அடிக்கவே இல்லை. முடியும் நேரத்தில் அவர் தனக்குத்தானே முணுமுணுப்பது கேட்டது.

“இன்னும் போன் பண்ணலயே...”

இரண்டு மழைக்காலத்தில் நான் போன் செய்யாத சாயங்காலம் ஒன்றே ஒன்றுதான். குளத்தூரில் என் தங்கையின் கல்யாண வரவேற்பை விட்டுவிட்டு, மழை விட்டதும் இவர் ரெக்கார்டரோடு கண்மாய்க்குப் போய்விட்டார். அந்தக் கோபத்தில் வேண்டுமென்றேதான் போன் செய்யாமல் இருந்தேன். அங்கே அவர் காத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

“குளத்தூருங்க. எழுதிக்கங்க” என்றேன்.