வேலுசாமியின் கனடா முகவரி

வெள்ளவத்தைச் சந்தைக்கு எதிரே ஆறடிக்கு எட்டடியில் ஒரு போன் கடை. அதற்குள் நின்றபடியே வேலுசாமி எட்டு வருடமாகக் கனடாவில் குடியிருந்தார். பாஸ்போர்ட் அவரிடம் கிடையாது. கட்டுநாயக்காவுக்கு அவர் போனதெல்லாம் யாரையாவது வழியனுப்பத்தான்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஐந்தாம் வகுப்போடு இறங்கி வந்த மனிதர். கொட்டாஞ்சேனையில் சாப்பாட்டுக் கடையொன்றில் கோப்பை கழுவினார். புறக்கோட்டை நடைபாதையில் மணிக்கூடு திருத்தினார், பிறகு போன் திருத்தினார். எவன் கையையும் எதிர்பார்க்காமல் சொந்தமாகக் கடை போட்டார். கம்பஸ் படித்த பிள்ளைகள் "அந்த ஆப் இலங்கைக்குக் குடுக்கிறேல்ல, அங்கிள்" என்று கையை விரிக்கும் இடத்தில்தான் வேலுசாமியின் வியாபாரமே தொடங்கும்.

விஷயம் இதுதான். காசு கொடுத்து வாங்கும் ஆப் சிலவற்றை எல்லா நாட்டுக்கும் விற்க மாட்டார்கள். கனடாக்காரர் ஒருவரின் பெயரில் கணக்கு, அங்குள்ள முகவரி, அங்குள்ள நம்பர், அங்கே வாங்கிய பரிசு அட்டை, இவ்வளவும் இருந்தால் கதவு திறக்கும். அந்தப் பெயரும் முகவரியும் சின்னராசாவுடையவை. ஸ்காபரோவில் இருந்து ஆடிவேல் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் வருபவர்.

"என்ர பேரில செய், வேலு. எனக்கென்ன குறையப்போகுது?" என்று பிளேன்ரீயை உறிஞ்சிக்கொண்டே சொல்லிவிட்டார். அதன்பிறகு வெள்ளவத்தை, தெஹிவளை என்று நூற்றுக்கு மேற்பட்ட போன்களில் அந்த ஒரே கணக்கால் ஆப் ஏறியது; ஏறிய ஆப் மறுபடி கணக்கைக் கேட்காது. இப்படியொரு வழி இருப்பது எந்தப் பெரிய ஷோரூமுக்கும் தெரியாது.

சின்னராசாவின் தங்கை சரோஜினிதேவி பாமன்கடையில் இருக்கிறார். அவருடைய கணவர் தயாபரன் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்டையில் புற்றுநோய் வந்து, குரல்வளையை எடுக்க வேண்டும் என்று டொக்டர்மார் நாள் குறித்தபோது, வேலுசாமிதான் அந்த ஆப்பைக் கண்டுபிடித்தார். குரல் இருக்கும்போதே பேசிப் பதிந்துவைத்தால், பிறகு படத்தைத் தொட்டதும் அதே குரலில் போன் பேசும். முதலில் தன் போனின் ரெக்கோடரில் அவரை ஒரு தடவை பேசவைத்துப் பதிந்து பார்த்துவிட்டு, ஐயாவின் போனில் ஆப்பைப் போட்டுக் கொடுத்தார். தயாபரன் ஐந்து நாள் உட்கார்ந்து முந்நூறு வசனம் பேசினார். சோறு கேட்டார், மனைவியின் பெயரைச் சொன்னார், கோபத்துக்கு என்று இரண்டு ஏச்சுக்கூடப் பதிந்தார்.

பதிந்ததையெல்லாம் வேலுசாமி அந்தக் கனடாக் கணக்கிலேயே பூட்டி வைத்தார்; இந்த ஆப் மட்டும் குரலை ஒவ்வொரு தடவையும் அங்கிருந்தே எடுக்கும். "போன் கடல்ல விழுந்தாலும் ஐயாவோட குரல் எங்கயும் போகாதும்மா. இந்த யோசன ஒரு இஞ்சினியருக்கும் வராது."

போன மாதம் சின்னராசா ஸ்காபரோவில் இறந்துபோனார். மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போன் எடுத்தார் வேலுசாமி. அப்பாவின் பெயரில் யாரோ பொய்யாக மெசேஜ் அனுப்புகிறார்கள் என்று மகள் நிரோஷா அழுதாள்.

"செத்தவரு கணக்கத் தொறந்து வச்சிருந்தா கள்ளன் பூந்துருவான் மகள். எல்லாத்தையும் மூடிருங்க. நம்பரையும் வெட்டிருங்க. நான் காட்டித் தாரேன்."

வீடியோவில் ஒரு மணித்தியாலம் ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தார். பக்கத்துக் கடையிலிருந்து வந்த ஹாஷிமிடம், "கனடாவுல படிச்ச புள்ளைக்கே வேலுசாமிதான் சொல்லிக் குடுக்க வேண்டியிருக்கு" என்று நெஞ்சை நிமிர்த்தினார். மூடச் சொன்னவற்றில் எது இருந்தது என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. எட்டு வருடத்தில் அந்தக் கணக்கு அவர் மனதுக்குள் அவருடைய சொந்தச் சொத்தாகிவிட்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் சரோஜினிதேவி கணவரோடு கடைக்கு வந்தார்.

"வேலு, இவற்ற போன் ஒரு மாசமாக் கதைக்கேல்லை. என்னவோ பாஸ்வேர்ட் கேக்குது."

"ஒரு மாசமா? அன்னைக்கே கொண்டாந்திருக்கலாமேம்மா!"

"அண்ணேன்ர முப்பத்தொண்டு முடியாமல் எப்பிடி வாறது? கட்டிக்குடுத்தவளுக்கு அவ்வளவு நாள் செத்தவீட்டுத் துடக்கில்லை எண்டு ஐயர் சொன்னவர்தான். ஆனா கூடப் பிறந்த அண்ணன் எல்லே. முப்பத்தொண்டு முடிஞ்சும், வெள்ளிக்கிழமை எண்டு இண்டைக்குத்தான் கோயிலுக்குப் போயிட்டு வெளிக்கிட்டனான்."

கழுத்தில் மெல்லிய துணி கட்டியிருந்த தயாபரன் சின்னக் கொப்பியில் எழுதி நீட்டினார்: 'டொக்டர், என்ர தொண்டைக்கு இரண்டாவது ஒப்பரேசன்.'

வேலுசாமி சிரித்துவிட்டார். "ரெண்டு நிமிசம் ஐயா. ஏங்கிட்டக் குடுத்துட்டீங்கல்ல."

பாஸ்வேர்டைப் போட்டார். அப்படியொரு கணக்கே இல்லை என்றது போன். மறுபடி போட்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் தடவை போட்டார். சரி, கனடா நம்பருக்குக் கோட் வருமே என்று நினைத்தபோதுதான் விரல் நின்றது. நம்பரையும் வெட்டிருங்க. சொன்னது அவர்தான்.

கனடாவில் விடிந்திருந்தது. நிரோஷா உடனே எடுத்தாள்.

"ஓம் அங்கிள், நீங்க சொன்ன மாதிரியே எல்லாம் மூடிட்டன். முப்பது நாளுக்குள்ள எண்டால் திரும்ப எடுக்கலாமாம். முந்தாநாள் கடைசி மெயில் வந்தது, எல்லாத்தையும் முழுசா அழிச்சாச்சு எண்டு. ஏன் அங்கிள், நான் ஏதும் பிழையாச் செய்திட்டனோ?"

"இல்ல மகள்," என்றார் வேலுசாமி. "நீங்க சரியாத்தான் செஞ்சிருக்கீங்க."

போனை வைத்தவர் மறைக்காமல் சொல்லிவிட்டார். தான் மூடச் சொன்னதையும், முந்தாநாள் வரை வழி இருந்ததையும்.

சரோஜினிதேவி ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். அவர் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். "முந்தாநாள் நான் வீட்டில சும்மா இருந்தனான்," என்றார். "சும்மாதான் இருந்தனான், வேலு."

நாற்பது வருடத்தில் எந்தப் பழுதுக்கும் ஒரு வழி கண்டுபிடித்த மனிதர், திருத்துவதற்கு எதுவும் இல்லாத ஒரு போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அதை அணைத்துப் போட்டார். சிம்மைக் கழற்றி ஊதி, திரும்பச் செருகினார். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று அவருக்கே தெரியும். பிறகு தன் சொந்தப் போனை எடுத்துப் பழையவற்றைத் தேடினார். அன்று பதிந்து பார்த்தது அழியாமல் கிடந்தது.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு. வேலு, கேக்குதோ?"

தயாபரனின் குரல். கனத்த, கொஞ்சம் கேலி கலந்த குரல்.

"இன்னொருக்காப் போடும்," என்றார் சரோஜினிதேவி. மறுபடியும் கேட்டு முடித்தார். "வேற இல்லையோ?"

"இவ்வளவுதாம்மா."

"இதில என்ர பேர் இல்லையே."

தயாபரன் கொப்பியை இழுத்து எழுதினார்: 'அதை இவவின்ர போனுக்கு அனுப்பிவிடும்.'

வேலுசாமி அனுப்பினார். அதற்குக் கனடா தேவைப்படவில்லை, முகவரி தேவைப்படவில்லை. ஒரு நொடியில் போய்ச் சேர்ந்துவிட்டது.