பஞ்சு அடைத்த வாய்

1950களின் கடைசியில், முல்லைத்தீவில் என் ஞானப்பல்லைப் பிடுங்கிய டாக்குத்தர் வாயில் பஞ்சை அடைத்து, "மூண்டு நாளைக்குக் குனிஞ்சு வேலை செய்யாதேங்கோ" என்று அனுப்பினார். அன்றுதான் என் வயலுக்குத் தண்ணீர் முறை. தவறவிட்டால் அடுத்த முறைக்குள் பயிர் கருகிவிடும்.

பஸ்ஸால் இறங்கி, வீங்கிய கன்னத்தோடு வயலுக்கு ஓடினேன். என் வரம்பில் மண்வெட்டியோடு கந்தையா நின்றான். பக்கத்து வயல்காரன். எல்லைத் தகராறில் இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. தண்ணீரைத் தன் பக்கம் திருப்புகிறான் என்றே நினைத்தேன். திட்ட வாய் திறக்கவில்லை. மண்கட்டி ஒன்றை எடுத்து எறிந்தேன். அது அவன் முதுகில் பட்டு உடைந்தது. திரும்பி என் வீங்கிய கன்னத்தைப் பார்த்தான்.

"பல்லோட கண்ணையும் பிடுங்கிப் போட்டாங்களோ? தண்ணி எங்க பாயுதெண்டு பார்!"

அவன் வெட்டித் திறந்த வாய்க்கால் வழியே என் வயலுக்குள்தான் பாய்ந்துகொண்டிருந்தது.

"உனக்காக இல்லை. பயிர் வாடுறதைப் பாக்கேலாமல் திறந்துவிட்டனான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வாயில் பஞ்சு இருந்ததால்தான் மன்னிப்புக் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்தாம் நாள் வீக்கம் வற்றி வாய் நன்றாகத் திறந்தது. வரம்பில் கந்தையாவைக் கண்டேன். அந்த வாயால் நான் அவனிடம் கேட்டது இதுதான்:

"என்ர வாய்க்காலை ஏன் இவ்வளவு அகலமா வெட்டினனீ?"