ஏர் மார்ஷலின் காகிதங்களைச் சுமந்த மால்ட்பி

நெவில் மால்ட்பி ஒரு பாதிரியாரின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவியதை நான் பார்த்திருக்கிறேன். சாதாரணப் பாதிரியார் அல்ல, பிஷப். "உள்ள பென்சில் மட்டும்தான் கண்ணு" என்று சொல்லி, கூர் சீவிய பென்சில் ஒன்றை அதே பையில் செருகி, பையை ஒருமுறை தட்டியும் கொடுத்தார். பிஷப் நன்றி சொன்னார். எங்கள் ஆவணக் காப்பகத்தில் முப்பது வருஷமாக மால்ட்பியின் வேலை இதுதான்: பேனாவைப் பிடுங்குவது, ஈரக் குடையை வாங்கி வைப்பது, வாசகர் கேட்ட பெட்டியை நிலவறையிலிருந்து சுமந்து வந்து மேசைமேல் சத்தமில்லாமல் வைப்பது. வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். தூங்கும் குழந்தையைக் கிடத்துகிறவர் மாதிரி இருக்கும்.

அவர் அதிகம் சுமந்தது கிரெல் பெட்டிகளை. ஏர் மார்ஷல் சர் ஆம்ப்ரோஸ் கிரெல் இரண்டாம் உலக யுத்தத்தின்போது விமானப்படைத் தளபதியாக இருந்து, எங்கள் லிங்கன்ஷயரின் குண்டுவீச்சு விமானங்களில் பாதியை ஆட்டிவைத்தவர். அவர் இறந்தபின் சொந்தக் காகிதங்கள் எல்லாம் எங்களிடம் வந்தன. அறுபத்தோரு பெட்டி. தாக்குதல் உத்தரவுகள், திரும்பி வராத விமானங்களின் பட்டியல், அமைச்சகத்தோடு போட்ட சண்டை, தையல்காரரோடு போட்ட சண்டை, மர்மலேட் என்ற ஆரஞ்சு ஜாம் செய்யும் கம்பெனிக்கு எழுதிய ஒன்பது புகார்க் கடிதங்கள். ஓய்வுக்குப் பிறகு அவர் பன்றி வளர்த்தார். மனைவியின் புகைப்படம் இரண்டு இருக்கிறது. பன்றிகளின் புகைப்படம் நூற்றுப் பதினான்கு.

மால்ட்பியும் அந்த யுத்தத்தில் கிரெலின் கீழ் இருந்தவர்தான். பல ஆயிரம் பேரில் ஒருவராக, விமானங்களுக்கு டயர் மாற்றிக்கொண்டு. தளபதியை நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று ஆராய்ச்சியாளர்கள் ஆவலாகக் கேட்பார்கள். "பாத்தேன், முதுகை" என்பார். "நல்ல முதுகு."

இந்தப் பெட்டிகளுக்கு விவரப் பட்டியல் தயாரித்தவர் மிஸ் ஏவ்ரில் ஸ்டாப்ஃபர்ட். பதினோரு வருஷம் இதே வேலை. துருப்பிடித்த கிளிப்பைக் கழற்றி, பித்தளைக் கிளிப் போட்டு, ஒவ்வொரு தாளுக்கும் மூலையில் பென்சிலால் எண் இட்டார். அவருக்கு ஒரே ஒரு மதம் இருந்தது: காகிதங்களை வைத்திருந்தவர் எந்த வரிசையில் விட்டுப் போனாரோ, அந்த வரிசையைத் தொடக்கூடாது. "எதை எதுக்குப் பக்கத்துல வச்சாருங்கிறதுதான் அந்த மனுஷன். மத்ததெல்லாம் வெறும் காகிதம்" என்பார். எங்கள் தொழிலில் எல்லோரும் இதை நம்புகிறோம். ஆனால் மிஸ் ஸ்டாப்ஃபர்ட் நம்பிய விதத்தைப் பார்த்தால் மற்றவர்களுக்குத் தாங்கள் நம்புவது போதுமா என்று சந்தேகம் வரும்.

பதினான்காம் பெட்டியிலிருந்து முப்பத்தொன்று வரை கிரெலின் வரிசை விசித்திரமாக இருந்தது. விமானத் தாக்குதல் உத்தரவின் முதல் பக்கம், அடுத்து மர்மலேட், அடுத்து உத்தரவின் நான்காம் பக்கம். பிரபுப் பட்டம் தர மறுத்த அமைச்சகக் கடிதத்தின்மேல் டச்சஸ் என்ற பெண் பன்றியின் படம். இதைப் பார்த்து டாக்டர் பெரெக்ரின் லோம் என்ற வரலாற்றாசிரியர் மூன்று கோடை காலம் எங்கள் வாசிப்பறையில் தவம் கிடந்தார். தளபதியின் மனத்தை அவருடைய அடுக்கிலிருந்தே படிக்கும் புத்தகம் ஒன்றை முந்நூறு பக்கம் எழுதிவிட்டார். அவர் அதைப் பற்றி விளக்க ஆரம்பித்தால் மால்ட்பி எழுந்து போய் அறைச் சூட்டுக் குழாயைத் தொட்டுப் பார்ப்பார். குழாயில் சூடே வராத ஜூலை மாதத்திலும் தொட்டுப் பார்த்தார். எனக்கு அப்போதே ஏதோ இடித்தது. ஆனால் நான் யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை.

ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை அவராகவே சொன்னார். நிலவறையில் நாங்கள் இருவர் மட்டும். அவர் கையில் விவரப் பட்டியலின் அச்சுப் பிழை திருத்தும் தாள். வெள்ளிக்கிழமை அது அச்சகத்துக்குப் போகவேண்டும்.

"இதைப் படி கண்ணு."

முன்னுரையின் கடைசி வரிகள். கிரெலின் வரிசையை எந்தக் கையும் கலைக்கவில்லை என்று மிஸ் ஸ்டாப்ஃபர்ட் எழுதியிருந்தார். அதற்கு முதல் நன்றி, காகிதங்களை 1975இல் தளபதியின் வீட்டிலிருந்து பத்திரமாகக் கொண்டு வந்து சேர்த்த திரு. என். மால்ட்பிக்கு.

"நல்லாத்தானே இருக்கு" என்றேன்.

"நான் அதைப் படியிலேர்ந்து கீழ போட்டேன்."

பிறகு முழுசாகச் சொன்னார். தளபதியின் வீட்டு வாசலில் ஏழு படி. பின்னால் பதினான்கு முதல் முப்பத்தொன்று வரையான பெட்டிகளாக ஆன காகிதங்கள் இரண்டு பெரிய மரப்பெட்டிகளில் இருந்தன; அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஒரு பக்கம் மால்ட்பி, மறுபக்கம் வேன் டிரைவர். மால்ட்பி பின்பக்கமாக இறங்குகிறார். ஒரு வாத்து வந்து அவர் கெண்டைக்காலைக் கடித்தது. பெட்டிகள் கவிழ்ந்து, காகிதம் முற்றம் முழுக்கப் பரவியது. காற்று வேறு. சில தாள்கள் பன்றித் தொழுவம் வரைக்கும் போய்விட்டன.

"மழை வர்ற மாதிரி இருந்துச்சு. கைக்கு வந்ததை வந்தபடி அள்ளிப் போட்டோம். இருபது நிமிஷம்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"வரிசைன்னு ஒண்ணு இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? எல்லாக் காகிதமும் உள்ள இருக்கு, போதும்னு நெனச்சேன். அப்புறம் அவங்க பெட்டி பதினாலைத் தொறந்தாங்க. ரெண்டு தாளைப் பொரட்டிட்டு, 'என்ன மனுஷன்யா இவரு'ன்னு சிரிச்சாங்க. அப்ப சொல்லியிருக்கணும். ஆனா அவங்க சிரிச்சு நான் அதுவரைக்கும் பாத்ததில்ல."

"டிரைவர்?"

"செத்துட்டான். இப்பச் சாட்சின்னா அந்த வாத்துதான்."

ஜூனில் மால்ட்பிக்கு ஓய்வு. வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பொய்யைக் கேட்டுக்கொண்டு நிற்பது ஒன்று, அதற்கு நன்றி வாங்கிக்கொள்வது வேறு. சொன்னால் "ஏவ்ரிலோட பதினோரு வருஷம் போயிடும்" என்று பயந்தார். மிஸ் ஸ்டாப்ஃபர்டின் நல்ல அபிப்பிராயமும் போய்விடும் என்று சொல்லவில்லை. மிஸ் போடாமல் அவர் பெயரை மட்டும் மால்ட்பி சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. அதிலிருந்து புரிந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அவர் பாதி வழி போய்ப் பார்த்தார். தன் பெயரை மட்டும் எடுத்துவிட்டால் மனசு கொஞ்சம் ஆறும் என்று கணக்கு.

"மிஸ் ஸ்டாப்ஃபர்ட், அந்த நன்றி வேணாமே. எனக்குத் தகுதி இல்ல."

மிஸ் ஸ்டாப்ஃபர்ட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். "மிஸ்டர் மால்ட்பி, இந்தக் கட்டடத்துல தகுதி இல்லன்னு தானா வந்து சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

புதன்கிழமை திருத்திய தாள் வந்தபோது, 'தன்னடக்கம் மிகுந்த திரு. என். மால்ட்பி' என்று இருந்தது.

"இன்னொரு தடவை போனா எனக்குச் சிலை வச்சுடுவாங்க" என்றார் மால்ட்பி.

வியாழக்கிழமை மாலை காப்பக நண்பர்கள் சங்கத்தின் கூட்டம். டாக்டர் லோம் பேசுகிறார், பிறகு ஷெர்ரி. வாசிப்பறையில் மதுவா என்று மிஸ் ஸ்டாப்ஃபர்ட் ஒரு வாரம் சண்டை போட்டு, அறையிலிருந்த அத்தனை தாளையும் நிலவறைக்கு அனுப்பிப் பூட்டியபின்தான் ஒத்துக்கொண்டார். வந்தவர்கள் முப்பது பேர். பாதிப் பேர் ஓய்வுபெற்ற விமானிகள், காதில் கருவி வைத்தவர்கள். லோம் முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு டச்சஸ் பன்றிக்கு வந்தார்.

"அமைச்சகத்தோட கடிதத்தை அவர் கிழிச்சுப் போடல. பதிலும் எழுதல. அதுமேல ஒரு பன்றியை வச்சாரு. இதைவிடத் தெளிவா ஒரு மனுஷன் என்ன சொல்ல முடியும்? வரிசை அவரோடதுதான்னு மிஸ் ஸ்டாப்ஃபர்ட் உங்களுக்கு உறுதி சொல்வாங்க."

மிஸ் ஸ்டாப்ஃபர்ட் எழுந்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாததால் கழுத்து சிவந்திருந்தது. "யாரும் கலைக்கலங்க. எந்தக் கையும் படல."

ஷெர்ரித் தட்டோடு பின்சுவரோரம் நின்றிருந்த மால்ட்பி, "என் கை பட்டுது, மிஸ்" என்றார்.

சத்தமில்லாமல்தான் சொன்னார். ஆனால் அமைதிக்கென்றே கட்டப்பட்ட அறை அது. எல்லாருக்கும் கேட்டது. தட்டைக் கீழே வைக்காமலே, படி, பெட்டி, வாத்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

லோம் முதலில் சுதாரித்தார். "மிஸ்டர் மால்ட்பி அடக்கமா பேசுறாரு. கொஞ்சம் கலைஞ்சிருக்கலாம். ஆனா அந்தப் பன்றி..."

"பன்னிப் படம் மேல வந்ததுக்குக் காரணம், அது கனமான அட்டை. கடிதம் பறக்கக்கூடாதுன்னு நான்தான் மேல வச்சேன்."

முன்வரிசைக் கிழவர் ஒருவர் திரும்பி, "வாத்துக்கு ஒண்ணும் ஆகலயே?" என்று கேட்டார்.

"அது நல்லாத்தான் இருந்துச்சு சார்."

மிஸ் ஸ்டாப்ஃபர்ட் இன்னும் உட்காரவில்லை. கம்பளிச் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தைத் திருப்பினார்.

"எத்தனை படி, மிஸ்டர் மால்ட்பி?"

"ஏழு."

"முதல்ல விழுந்தது எது?"

"நான்."

சிரிப்பு எழுந்தது. மிஸ் ஸ்டாப்ஃபர்ட் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். பிறகு தாளை நான்காக மடித்து வைத்துக்கொண்டு, யாரிடமும் விடைபெறாமல் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். மால்ட்பி முப்பது பேருக்கும் ஷெர்ரி கொடுத்து முடித்தார். அதன்பின் தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்து பணிநேரத்தில் அவர் குடித்த ஒரே கிண்ணம் அது.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கு நாங்கள் வந்தபோது மிஸ் ஸ்டாப்ஃபர்ட் நிலவறையில் இருந்தார். பதினான்காம் பெட்டி திறந்திருந்தது. தாள்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் மால்ட்பி, இங்க வாங்க. இந்த மண் கறை?"

"வீட்டு முற்றம்."

"தளபதி விமானத்தளத்துல நின்னுக்கிட்டே எழுதியிருக்கலாம்னு போட்டிருக்கேன்." அடுத்த தாளை எடுத்தார். "இந்த மூலை கடிபட்டிருக்கு. எலின்னு எழுதினேன்."

"எலி இல்ல. பன்னி."

"டச்சஸா?"

"நான் பேர் கேக்கல, மிஸ்."

மிஸ் ஸ்டாப்ஃபர்ட் நாற்காலியில் உட்கார்ந்தார். மால்ட்பி தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். அந்த மனிதர் அவ்வளவு சிறுத்துப்போகக்கூடும் என்று எனக்கு அதற்குமுன் தோன்றியதில்லை.

"நான் வேணும்னா உக்காந்து திருப்பி அடுக்கித் தரேன். தேதிப்படி. ஜூன் வரைக்கும் இருக்கேனே" என்றார்.

"வேணாம். எப்படி இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. இப்ப நாம அடுக்கினா அது நாம அடுக்கினது. ஒரு வாத்து கலைச்சதை ரெண்டு பேரு திருத்தினாங்கன்னு ஆகும்." தாளைப் பழைய இடத்திலேயே வைத்தார். "இதே வரிசையில இருக்கட்டும். எப்படி வந்துச்சுன்னு மட்டும் எழுதிடுறேன். அதுக்குப் பட்டியல்ல தனி இடமே இருக்கு. பதினோரு வருஷமா அங்க ஒரு வரிதான் எழுதியிருந்தேன்."

மேலே போனோம். அச்சகத்து ஆள் வந்து காத்திருந்தான். டாக்டர் லோமும் தொலைபேசியில் காத்திருந்தார். படியில் விழுந்த கதையை அச்சிடவேண்டாம், புத்தகம் வெளிவரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். "இதை நீங்க கேட்டீங்கன்னு தேதியோட குறிச்சுக்கலாமா, டாக்டர் லோம்?" என்று மிஸ் ஸ்டாப்ஃபர்ட் கேட்டார். மறுமுனையில் லோம் வைத்துவிட்டார்.

எழுத ஆரம்பித்தார். மால்ட்பி மேசைக்கு எதிரே நின்றார்.

"என் பேரு வேணுமா, மிஸ்? ஒரு ஊழியர்னு போட்டா போதாதா?"

"பேரில்லாத ஊழியரை நான் எழுத மாட்டேன். ஐம்பது வருஷம் கழிச்சு ஒருத்தி வந்து யாருன்னு கேப்பா."

"கீழ போட்டாருன்னு எழுதாம, கைதவறிடுச்சுன்னு..."

"கை தவறல. கால்ல கடி வாங்கினீங்க." முன்னுரைத் தாளை எடுத்து, 'பத்திரமாக' என்ற சொல்லை மட்டும் அடித்தார். தன்னடக்கத்தை விட்டுவைத்தார்.

"நன்றி இருக்கட்டுமா?" என்று மால்ட்பி கேட்டார்.

"கொண்டு வந்தது நீங்கதானே. அதுல என்ன பொய்?" நிமிராமலே சொன்னார். பிறகு மேசைக்குக் கீழே காலால் ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். "உக்காருங்க நெவில். இது சீக்கிரம் முடியாது. அந்த வாத்து இடது பக்கத்துலேர்ந்து வந்துச்சா, வலது பக்கத்துலேர்ந்தா?"

மால்ட்பி உட்கார்ந்தார். கண்ணை மூடி யோசித்தார். இடது கை கொஞ்சம் உயர்ந்தது, பிறகு தாழ்ந்தது.

"இறங்குற எனக்கு இடது. வீட்டைப் பாத்து நிக்குறவங்களுக்கு..." என்று நிறுத்தி, "நான் வீட்டைப் பாத்தபடி பின்பக்கமா எறங்கினேன், ஏவ்ரில். அதனால ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

அச்சகத்து ஆள் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, தானும் உட்கார்ந்துகொண்டான்.